பொன்வண்டும் அனுமதிச் சீட்டும்

தீப்பெட்டிக்குள் கொடுக்காப்புளி இலையிட்டுப் பொன்வண்டு வளர்த்த இளமைப் பருவம் நம்மில் பலர்க்கு உண்டு. தும்பியை விளித்துப் பேசிய சங்கப் புலவர் மரபினர்க்குச் சிற்றுயிர்மீது பற்றிருத்தல் வியப்பன்று. ஆயின் இன்று அத்தீப்பெட்டி அஞ்சற் பொதியாகிக் கடல் கடக்கின்றது. வெளிநாட்டு வண்டொன்றை இணையத்தின்வழி வரவழைக்கலாமா என மாணவர் ஒருவர் அண்மையில் நம்மை வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

2021 ஜூலையில், போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த பொதி ஒன்றைச் சென்னைச் சுங்கத்துறையினர் பிரித்தனர். சிறு மருந்துக் குப்பிகளுள் 107 சிலந்திகள் உயிருடன் இருந்தன. இறக்குமதி உரிமமும் இல்லை; நலச்சான்றும் இல்லை. பொதியைப் போலந்துக்கே திருப்பியனுப்ப முடிவாயிற்று. சிலந்தி பூச்சியினம் அன்றெனினும் படிப்பினை ஒன்றே. 2025இல் கென்யாவில் ஏறத்தாழ 5,000 எறும்புகளுடன் பிடிபட்ட பெல்ஜியம் நாட்டு இளைஞர் இருவர்க்குப் பத்து இலட்சம் கென்ய ஷில்லிங் அபராதம், தவறின் ஓராண்டுச் சிறை எனத் தீர்ப்பாயிற்று. நம் நாட்டிலும் 2008இல், சிங்கலீலா தேசியப் பூங்காப் பகுதியில் அனுமதியின்றிப் பூச்சிகளைச் சேகரித்த செக் நாட்டார் இருவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்புப் பெற்றனர்.

எறும்புக்கும் வண்டுக்கும் சிறையா என நகைப்பாரும் உளர். அன்னார் நம் உழவரைக் கேட்கட்டும். 2008இல் கோவைப் பகுதியில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியையும் மல்பெரியையும் மரவள்ளியையும் சூறையாடியது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் உரிய அனுமதியுடன் தருவிக்கப்பட்டன. பெங்களூரில் தனித்து வைத்து ஆராய்ந்த பின்னரே அவை வயல்களில் விடப்பட்டு, அப்பூச்சியை அடக்கின. அனுமதியின்றி நுழைந்த பூச்சி அழித்தது. அனுமதியுடன் வந்த பூச்சி காத்தது. அனுமதிச் சீட்டின் பொருள் இதுவே.

உயிருள்ள பூச்சியை நாட்டுக்குள் கொணர 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுக்காப்பு ஆணையின்கீழ் முன் அனுமதி வேண்டும். நம் வண்ணத்துப்பூச்சிகள் பலவும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாம். "அறியாமல் செய்துவிட்டேன்" என்பது வழக்கிலிருந்து காவாது. வழக்கொன்று நிலுவையில் நின்றால் கடவுச்சீட்டும் அயல்நாட்டு வேலையும் தடைப்படலாம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பிள்ளைகளுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு தாள் குறைந்தால் தோல் ஏற்றிய கண்டெய்னர் துறைமுகத்திலேயே நின்றுவிடும் என்பதை இல்லத்திலேயே கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். உயிரற்ற தோலுக்கே அத்துணைத் தாள்கள் எனின், உயிருள்ளதற்கு வேண்டாவா?

அரசுக்கும் ஒரு கடமை உண்டு. இவ்விதிகளை எளிய தமிழில் அச்சிட்டுக் கல்லூரிதோறும் அஞ்சலகந்தோறும் வைத்தல் வேண்டும். அறிவிக்காமல் தண்டிப்பது அறமாகாது. ஆசிரியராகிய நாமும் இவற்றை வகுப்பறையில் எடுத்துரைத்தல் வேண்டும்.

வினவிய மாணவர்க்கு நாம் கூறிய விடை இது: "தம்பி, முதலில் அனுமதியைக் கேள், பிறகு வண்டைக் கேள். அனுமதி கிட்டாதெனின், நம் ஊர்க் கொடுக்காப்புளி மரத்தடியில் நின்று பார். விலையின்றி, வழக்கின்றிப் பொன்வண்டு அங்கே பறக்கும்."