வாயைப் பூட்டிவிட்டு வரைந்த எல்லை

வெள்ளக்கடையில் கூட்டம் முடிந்து புறப்படும் வேளை. ஏற்காட்டு மலையின் பனி தோளைத் தொட்டு நிற்கிறது. காப்பிக்கொட்டை உலர்த்தும் களத்தோரம் நின்றிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, கடலில் கிடக்கும் கச்சத்தீவைப் பற்றி மலையில் கிடக்கும் எங்களிடம் பேசினாயே, எதற்கு? அயல்நாட்டு விவகாரமெல்லாம் ஆள்பவர் பாடு அல்லவா?"

அவருக்குச் சொன்ன விடையை, வாசகத் தோழரே, உங்கள் முன்னும் வைக்கிறேன்.

அயல்நாட்டுக் கொள்கை மக்களுக்கு எட்டாத கனி என்பது கொடுங்கோலர் நமக்குக் கற்பித்த பாடம். ஆனால் அந்தப் பாடத்தைக் கொடுங்கோலரே நம்புவதில்லை! நம்பினால் ஏடுகளுக்குத் தணிக்கை எதற்கு? மேடைகளுக்குத் தடை எதற்கு? மக்கள் கருத்துக்கு வலிமையில்லையென்றால், அதற்கு விலங்கு பூட்ட இத்தனை பாடு ஏன்? அஞ்சாதவன் கதவைத் தாழிடுவதில்லை.

மக்கள் கருத்தைச் சமாளிக்க எதேச்சாதிகாரிக்குத் தெரிந்த வழிகள் இரண்டு. ஒன்று, கைதட்டல் வாங்குவது. மற்றொன்று, வாயை அடைப்பது.

முதல் வழிக்கு அர்ஜென்டினாவைக் காணுங்கள். 1982 மார்ச் 30. பட்டினி பொறாத தொழிலாளர் தலைநகரின் மே சதுக்கத்தை நோக்கித் திரண்டனர். தடியால் அடித்து விரட்டியது தளபதி கால்டியேரியின் ஆட்சி. மூன்றாம் நாள், ஏப்ரல் 2-இல், பாக்லாந்துத் தீவுகளில் அவர் படை இறங்கியது. அடிபட்ட அதே சதுக்கத்தில் ஆரவாரம்! வாழ்த்தொலி! ஆனால் மக்களின் ஆரவாரத்தைத் தூண்டியவர் அதற்கே அடிமையானார், பின்வாங்க வழியில்லை. ஜூன் 14-இல் படை சரணடைந்தது. சில நாட்களில் தளபதியின் நாற்காலியும் போயிற்று. ஆனால் அறுநூறுக்கு மேற்பட்ட அர்ஜென்டினா வீரர்களின் உயிர்? அது திரும்பவில்லை.

இரண்டாம் வழிக்குச் சோவியத்து நாடு. 1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானத்துக்குள் படை செலுத்த முடிவு செய்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. மூடிய பெட்டிகளில் பிள்ளைகளின் உடல் வந்தது. தாய்மார் உரக்க அழவும் அஞ்சினர். கோர்பச்சேவ் காலத்தில் வாய்ப்பூட்டு தளர்ந்தபின்தான் அந்த அழுகை அரங்கேறியது. 1989 பிப்ரவரியில் படை திரும்பிற்று. அவ்வாண்டு டிசம்பரில் மக்கள் பிரதிநிதிகள் பேரவையே அந்தப் படையெடுப்பைக் கண்டித்தது. ஏறத்தாழ 15,000 சோவியத்து வீரர் மாண்டபின் வந்த ஞானம்! மாண்ட ஆப்கானியரோ அதைப்போல் பன்மடங்கு.

"அங்கே நடந்தது நமக்கென்ன?" என்பீரோ? இந்தியக் காப்பியைப் பெருமளவில் வாங்கிய நாடு அந்தச் சோவியத்து ஒன்றியம். காப்பி வாரியத்தின் பொதுக் குவியலில் இந்தச் சேர்வராயன் மலைக் கொட்டையும் சேர்ந்திருந்தது. 1991 டிசம்பரில் ஒன்றியம் உடைந்தது. அந்த வாணிகமும் ஆட்டங்கண்டது. மாஸ்கோவின் தவறுகள் மலையேறி வந்து நம் களத்தை மிதிக்கும், தோழரே!

சரி, நம் கடலுக்கு வருவோம். 1974 ஜூன் 26, 28. தில்லியிலும் கொழும்பிலும் ஒப்பமிட்டனர். 285 ஏக்கர் கச்சத்தீவு இலங்கையின் பக்கம் போயிற்று. 1971 முதல் நெருக்கடிநிலையில் நாடாண்டு, 1972 அரசியல் சட்டத்தால் தன் நாடாளுமன்றத்தின் ஆயுளை ஈராண்டு நீட்டிக்கொண்ட சிறிமாவோ அரசுக்கு, உணவுத் தட்டுப்பாட்டில் முணுமுணுத்த மக்களிடம் காட்ட ஒரு வெற்றி கிடைத்தது. கைதட்டலுக்கு நம் தீவு!

ஆயினும் அன்று நமக்கு வாய் இருந்தது. ஜூன் 29-இல் சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம். ஆகஸ்டு 21-இல் சட்டமன்றத்தில் தீர்மானம். நாடாளுமன்றத்தில் இரா. செழியனும் மூக்கையாத் தேவரும் எழுப்பிய எதிர்ப்பு. தீவு போனாலும், இருநாட்டுக் கலங்களும் வழிவழி அனுபவித்த உரிமைகள் தொடரும் என்று உடன்படிக்கையின் 6-ஆம் பிரிவு பேசிற்று.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடிநிலை வந்தது. தலைவர்கள் சிறையில், ஏடுகள் தணிக்கையாளர் மேசையில். 1976 ஜனவரி 31-இல் கழக ஆட்சி கலைக்கப்பட்டது, சட்டமன்றமும் இல்லை. அடுத்த ஐம்பத்திரண்டாம் நாள், மார்ச் 23! புதிய கடல் எல்லை உடன்படிக்கை. கூடவே இரு வெளியுறவுச் செயலாளர்களின் கடிதங்கள். இலங்கைக் கடலில் அனுமதியின்றி இந்திய மீனவர் மீன்பிடிக்கலாகாது என்றன அக்கடிதங்கள். அதே பிரதமர், அதே கடல். மாறியது ஒன்றே: கேட்க வாயில்லை!

"குமரிக்குத் தெற்கே வாட்ஜ் கரை கிடைத்ததே" என்பர். நன்று. ஆனால் இராமேசுவரத்தானின் வலை எட்டாத கடலைக் காட்டி, அவன் வலை எட்டும் கடலை எடுப்பது எவ்வகைக் கணக்கு? "1974-இல் முதலமைச்சருக்கு முன்பே தெரியும்" என்று 2024-இல் ஆவணம் காட்டினர். காட்டட்டும்! ஓர் அறையில் ஒருவர் காதில் ஓதுவது ஊரைக் கேட்டதாகுமா? அந்தக் கேள்வி எம்மவர்க்கும் பொருந்தும் என்றால், பொருந்தட்டும். வாதம் வலுக்கிறதேயன்றி வீழவில்லை.

யாழ்ப்பாணத்து மீனவனும் நம் உடன்பிறந்தவனே. இழுவைமடி தன் கடலை வாரிக்கொண்டு போகிறதென்ற அவன் முறையீட்டுக்கும் செவி வேண்டும். மக்கள் முன் பேசியிருந்தால் இரு கரையாரின் குறையும் அன்றே அவைக்கு வந்திருக்கும். பேசாமல் போட்ட கோட்டில்தான் இன்றும் படகுகள் பறிபோகின்றன; பிள்ளைகள் சிறை புகுகின்றனர்.

பெரியவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு கேட்டார்: "அப்படியானால் அன்றைக்கு ஒருவர்கூடக் கேட்கவில்லையா, தம்பி?"

"கேட்கக்கூடியவர்கள் சிறையில் இருந்தார்கள், ஐயா. வெளியே இருந்தவர்கள் அது ஆள்பவர் பாடு என்றிருந்தார்கள்."

தோழரே! தில்லியில் யார் அமர்ந்தாலும், எந்த நாட்டோடு எதில் ஒப்பமிட்டாலும், மையுலருமுன் கேளுங்கள்: எதைக் கொடுத்தீர்? எதைப் பெற்றீர்? யாரைக் கேட்டீர்? மலையிலிருந்தும் கேளுங்கள். வாய் திறந்திருக்கும் காலத்தில் கேளாதவன், அது பூட்டப்பட்ட பிறகு எதைக் கேட்பான்?