காய்ச்சல் போயிருச்சு, காது கேக்குதா?

எங்க ஆலங்குடி பக்கம் ஒரு புள்ளைக்கு மூளைக்காய்ச்சல் வந்து பொழைச்சு வந்துட்டா, குலசாமிக்குக் கெடா வெட்டிடுவாங்க. உயிர் தப்பிச்சதே பெரிசுதான். ஆனா அதோட எல்லாம் முடிஞ்சுதுன்னு ஆஸ்பத்திரியும் வீடும் நினைக்கக் கூடாதுங்கிறது என் கட்சி.

பாக்டீரியாவால் மூளை உறையில் வருகிற காய்ச்சல் காதையும் பதம் பார்க்கும். வீக்கம் உட்காது வரை பரவி, சத்தத்தை உணரும் நுண்ணிய செல்களை அழிச்சிடும். பொழைச்சவங்கள்ல ஐந்தில் ஒருத்தருக்கு காது கேளாமை, வலிப்பு மாதிரி ஏதோ ஒரு குறை தங்கிடுதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

கைக்குழந்தைக்குக் காது கேக்கலைங்கிறது லேசில் தெரியாது. பேச்சு வரலைன்னா, "அவங்க அப்பனும் நாலு வயசுலதான் பேசுனான்"னு அப்பத்தா சமாதானம் சொல்லும். இங்கே அப்படிக் காத்திருக்க முடியாது. இந்த நோய்க்குப் பிறகு உட்காதின் நத்தைச்சுருளுக்குள்ளே எலும்பு வளர்ந்து அடைக்கலாம். சிலருக்குச் சில வாரங்களிலேயே ஆரம்பிச்சிடும். அடைச்சுட்டா காக்ளியர் கருவி பொருத்துறது ரொம்பக் கஷ்டம். ஆடிப் பட்டம் தவறினா மார்கழிப் பட்டத்துல கடலை போட்டுக்கலாம். இதுக்கு அடுத்த பட்டம் கிடையாது.

ஆறு வயசுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவை சிகிச்சை இலவசம். புதுக்கோட்டையில் 2017-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கு. வழி இருந்தும், நேரத்தில் சொல்ல ஆள் இல்லைன்னா என்ன பிரயோசனம்? அதனால டிஸ்சார்ஜ் சீட்டு கொடுக்கும் முன்னாடியே காது பரிசோதனை முடிஞ்சிருக்கணும். முடியலைன்னா நாலு வாரத்துக்குள்ள தேதி போட்டுக் கொடுக்கணும். பெரா பரிசோதனையைத் தூங்குற குழந்தைக்கே எடுத்திடலாம், அது வாய் திறந்து பதில் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொண்ணு தடுப்பூசி. இந்த நோய்க்குக் காரணமான ஹிப் கிருமிக்கும் சேர்த்துப் போடுற ஐந்து நோய்த் தடுப்பூசியை, 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் கொண்டு வந்தது தமிழ்நாடும் கேரளாவும்தான். நிமோகாக்கல் தடுப்பூசி 2021-ல் வந்தது. ரெண்டும் அரசு ஆஸ்பத்திரியில இலவசம். அறுவடை, நடவுன்னு தவணையைத் தள்ளிப் போடாதீங்கன்னு இங்கே நாங்க சொல்லிக்கிட்டுத்தான் இருக்கோம்.

பட்டணத்துல இருக்கிற நீங்க ஒண்ணு செய்யலாம். ஊரில் ஒரு புள்ளை மூளைக்காய்ச்சலில் இருந்து பொழைச்சதா சேதி வந்தா, "காய்ச்சல் விட்டுருச்சா?"ன்னு கேட்டுட்டு போனை வச்சிடாதீங்க. "காது டெஸ்ட் எடுத்தாச்சா?"ன்னும் கேளுங்க.