ஒன்பதாவது ஆட்டம்

ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ், டிரினிட்டி உள்ளிட்ட பத்துச் சிறு கல்லூரிகள் தங்களுக்குள் அமெரிக்கக் கால்பந்து ஆடுகின்றன; பந்தைக் கையில் ஏந்தி உடலோடு உடல் மோதும் ஆட்டம். 2016 வரை ஓர் அணிக்குப் பருவத்துக்கு எட்டே ஆட்டங்கள். எதிரணிகளோ ஒன்பது. ஆக, ஏதேனும் ஓர் அணியைச் சந்திக்காமலேயே ஆண்டுதோறும் பட்டம் சூடினார்கள். இதற்குப் பந்தயம் என்று பெயர்! 2017இல் ஒன்பதாவது ஆட்டம் சேர்ந்த பிறகே அட்டவணைக்கு நேர்மை வந்தது.

குறுகிய பருவத்துக்குச் சொல்லப்படும் சமாதானம் படிப்பு. அதே கல்லூரிகளின் கூடைப்பந்து அணிகள் பருவத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடுகின்றன. தேசியத் தொடருக்கும் செல்கின்றன. (கூடைப்பந்து வீரனுக்குத் தேர்வே கிடையாது போலும்.) கால்பந்துக்கோ வாரத்தில் ஒரு சனிக்கிழமைதான். பருவத்தைச் சுருக்க மெய்யான காரணம் ஒன்றுண்டு: தலையில் விழும் அடி. அதை வாய்விட்டுச் சொன்னால், எட்டு மட்டும் எப்படிப் பத்திரம் என்ற கேள்வி எழும். எனவே புத்தகத்தின் பின்னே ஒளிந்துகொள்வது வசதி. பத்தாவது ஆட்டம் கேட்போருக்கும் அக்கேள்வி உண்டு. எல்லோரும் எல்லோரோடும் மோதியாயிற்று. இன்னொரு சனிக்கிழமை எதை நிரூபிக்க?