முதலில் கேட்போம்!

கணிப்பொறி புகாத துறை இன்று இல்லை எனலாம். வங்கி, மருத்துவமனை, இரயில் நிலையம், நியாயவிலைக் கடை என எங்கும் மென்பொருள் கோலோச்சுகிறது. ஆயினும், மென்பொருள் ஆக்குவது என்றாலே நிரல் எழுதுவதுதான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கணிப்பொறியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இக்கருத்தை நான் மறுக்கிறேன். எழுதுவதற்கு முன் கேட்க வேண்டும். பயன்படுத்தப் போகிறவரின் தேவை என்ன என்று அறிவதே முதற்பணி.

கேட்பது எளிதா? கல்லூரி நூலகத்தையே எடுத்துக்கொள்வோம். "நூல் வழங்குவதைக் கணிப்பொறியில் பதிய வேண்டும்" என்பார் நூலகர். சொன்னது ஒன்று, அதனுள் பொதிந்துள்ள கேள்விகளோ பல. ஒருவருக்கு எத்தனை நூல்? ஆசிரியருக்கும் மாணவருக்கும் தவணை ஒன்றா? நூல் தொலைந்தால் என்ன செய்வது? விடுமுறை நாளுக்கும் தண்டத்தொகை உண்டா? இவற்றைக் கேளாமல் தொடங்கினால், பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டால் போதுமா? போதாது. தேவைகள் நடுவழியில் மாறும். அமெரிக்கப் புலனாய்வு நிறுவனமான எஃப்.பி.ஐ. தன் வழக்குக் கோப்புகளுக்காக 2001இல் ஒரு மென்பொருள் திட்டத்தைத் தொடங்கியது. அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் நாள் நிகழ்ந்த தாக்குதலுக்குப் பின் தேவைகள் பெரிதும் மாறின. தேவைகளைக் கூறும் ஆவணம் 800 பக்கங்களுக்கு மேல் நீண்டது. அதன் பின்னரும் மாற்றங்கள் வந்துகொண்டே இருந்தன. ஏறத்தாழ 17 கோடி டாலர் செலவான பிறகு, 2005இல் அதைக் கைவிட்டார்கள்! அடுத்து வந்தது 'சென்டினல்' திட்டம். அதுவும் தடுமாறவே, 2010இல் அந்நிறுவனமே பணியைத் தன் பொறுப்பில் எடுத்தது. சிறுசிறு பகுதிகளாகச் செய்து, காட்டித் திருத்தி, 2012இல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? மாற்றம் குற்றமன்று, கணக்கில் வராத மாற்றமே கேடு. யார் கேட்டார், ஏன் கேட்டார், அதனால் எத்தனை நாள் கூடும், அதற்கு ஈடாக எதை விடலாம் என்று எழுதி, இருவரும் ஒப்பிய பிறகே கை வைக்க வேண்டும்.

ஆனால் நாம் பயிலும் முறை எப்படி இருக்கிறது? இறுதியாண்டுத் திட்டப்பணியை விலைக்கு வாங்கி, அட்டை போட்டு அளிக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதில் கேட்க ஆளும் இல்லை; மாற வழியும் இல்லை. படித்து வெளியேறியதும் முதல் வாடிக்கையாளர் முன் வாயடைத்து நிற்கப் போவது நாம்தானே?

எனவே நான் வேண்டுவது இதுதான். ஒவ்வொரு குழுவுக்கும் உண்மையான பயனாளர் ஒருவர் வேண்டும். அவர் நூலகராகவோ, விடுதிக் காப்பாளராகவோ, கடைத்தெரு வணிகராகவோ இருக்கட்டும். பருவத்தின் நடுவில் அவர் ஒரு தேவையை மாற்றட்டும். அம்மாற்றத்தை எதிர்கொண்ட விதத்திற்கும் மதிப்பெண் தரட்டும். நேரம் போதாது என்பர் சிலர். சிறிய திட்டமாக எடுத்துக்கொண்டால் போதும் என்பேன்.

நிரல் மொழிகள் வரும், போகும். மனிதர் சொல்வதைப் பொறுமையோடு கேட்டு, சொல்லாமல் விட்டதையும் உசாவி அறியும் திறன் என்றும் நிலைக்கும். மாணவ நண்பர்களே, விரல்களுக்கு முன் செவிகளைப் பழக்குவோம்!