ஊழியர்கள்தான் முட்டுக்கட்டையா?

புது மென்பொருள் எந்த அலுவலகத்தில் படுத்துக்கொண்டாலும் ஆய்வுக் கூட்டத்தில் வரும் தீர்ப்பு ஒன்றுதான்: "சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு, ஆளுங்கதான் ஒத்துழைக்க மாட்டேங்கிறாங்க." எல்லோருக்கும் வசதியான தீர்ப்பு. வாங்கியவர் மேலும் பழி இல்லை, விற்றவர் மேலும் பழி இல்லை. மேலாண்மை வகுப்புகளில் இதற்கு 'மாற்றத்துக்கு எதிர்ப்பு' என்று கௌரவமான பெயர் உண்டு. இதற்காகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

முதலில் அந்த 70 சதவீதம். மாற்றத் திட்டங்களில் 70 சதவீதம் தோற்கின்றன, ஊழியர் மனப்பான்மையே முக்கியக் காரணம் என்று பயிற்சி வகுப்புக்குப் பயிற்சி வகுப்பு திரையில் போடுகிறார்கள். 1993-ல் ஹாமரும் சாம்பியும் எழுதிய 'ரீஇன்ஜினியரிங்' நூல் 50 முதல் 70 சதவீதம் என்று சொன்னது. அறிவியல்பூர்வமற்ற உத்தேசக் கணக்கு என்று அந்த நூலே ஒப்புக்கொண்டது. பின்னால் வந்தவர்கள் உத்தேசத்தை உதறிவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2011-ல் பிரிட்டிஷ் ஆய்வாளர் மார்க் ஹியூஸ் இந்த எண்ணின் மூலத்தைத் தேடிப் போனார். செல்லத்தக்க ஆதாரம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தது, எதிர்ப்பது மனித சுபாவம் என்ற வாதம். இந்தக் கருத்துக்கு வேர் என்று காட்டப்படுவது லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் இருவரும் 1948-ல் வெளியிட்ட ஆய்வு. அதை மேற்கோள் காட்டுபவர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்பது சந்தேகம்தான். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஹார்வுட் என்ற பைஜாமா தொழிற்சாலை. இஸ்திரி போடும் 18 பேர் கொண்ட ஒரு குழு, அதுவரை அரை டஜன் பைஜாமாக்களை ஓர் அட்டை மேல் அடுக்கி வந்தது. இனி பெட்டிக்குள் அடுக்க வேண்டும். மாற்றம் அவ்வளவுதான். கூட்டம் போட்டார்கள், போட்டிச் சந்தையைப் பற்றிச் சொன்னார்கள், புதுக் கூலிக் கணக்கை அறிவித்தார்கள், கேள்விகளுக்குப் பதிலும் சொன்னார்கள். 40 நாளுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள்; இருந்தவர்களின் வேகம் தேறவே இல்லை. அதே ஆலையில் வேறு குழுக்களை உட்காரவைத்து, புது முறையையும் கூலிக் கணக்கையும் அவர்களோடு சேர்ந்தே வகுத்தார்கள். அங்கே ஒருவரும் விலகவில்லை. உற்பத்தி பழைய அளவையும் தாண்டியது. இரண்டரை மாதம் கழித்து, முதல் குழுவில் எஞ்சியிருந்த 13 பேரை இந்த இரண்டாவது முறைப்படி இன்னொரு வேலைக்கு மாற்றினார்கள். அதே ஆட்கள்தான். சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். சுபாவம் இரண்டரை மாதத்திலா மாறும்?

மூன்றாவது வாதம்: பழக்கம்தான் பிரச்சினை, பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும். கனடா மத்திய அரசு இதற்கு விலை கொடுத்தது. சுமார் 2,90,000 ஊழியர்களுக்குச் சம்பளம் போட 'ஃபீனிக்ஸ்' என்ற அமைப்பை 2016 பிப்ரவரியில் தொடங்கினார்கள். ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சம் என்பது கணக்கு. மிச்சம் எங்கிருந்து வரும்? துறைதோறும் இருந்த சம்பளப் பிரிவு ஆலோசகர் பணியிடங்களில் சுமார் 1,200-ஐ ஒழித்துவிட்டு, மிராமிஷி என்ற சிற்றூரில் 550 பேர் கொண்ட ஒரே மையத்தை வைத்தார்கள். அங்கே சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் புதியவர்கள்.

சம்பள பில் போடும் வேலை தெரிந்தவர்களுக்கு இதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கும். கனடாவின் சம்பள விதிகள் 80,000-க்கு மேல். ஒருவர் விடுப்பில் போனால் இன்னொருவர் கூடுதல் பொறுப்பு பார்ப்பார், அதற்கு ஒரு கணக்கு. ஊதிய உடன்பாடு தாமதமாகக் கையெழுத்தாகும், அதற்கு முன்தேதியிட்டு நிலுவை போட வேண்டும். எந்தக் கோப்பில் எது இடிக்கும் என்பது பழைய ஆலோசகர்களின் தலைக்குள் இருந்தது. அந்தத் தலைகளை வெளியே அனுப்பிய பிறகுதான் இயந்திரத்தை ஓட்டினார்கள். செலவும் கெடுவும் தாண்டிவிடக் கூடாது என்று, திட்டமிட்ட 984 செயல்பாடுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை வெட்டினார்கள். முன்தேதியிட்ட சம்பளக் கணக்கும் அதில் போனது. ஒரு துறையில் வைத்துச் சோதித்துப் பார்க்கும் முன்னோட்டத்தையும் கைவிட்டார்கள். துறைகள் கவலை தெரிவித்தன, தொழிற்சங்கங்கள் தள்ளிப்போடச் சொல்லின. தொடங்கியபின் சம்பளம் குறைந்தும், கூடியும், வராமலும் போனது. பழகும்வரை தடுமாற்றம் இருக்கத்தான் செய்யும் என்றார்கள். 2017 ஜூனில் சுமார் 1,50,000 பேரின் சம்பளம் திருத்தத்துக்குக் காத்திருந்தது. தணிக்கைத் தலைவர் மைக்கேல் ஃபெர்குசன் 2018-ல் தந்த அறிக்கை, புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்று எழுதியது. பழியை அது பில் போட்டவர்கள் மேல் போடவில்லை. கெடுவையும் பட்ஜெட்டையும் மட்டுமே பார்த்த திட்ட அதிகாரிகள் மேல் போட்டது. பயிற்சியும் போதவில்லை, உண்மைதான். ஆனால் இல்லாத பொத்தானை அழுத்த யாருக்குப் பயிற்சி கொடுக்க முடியும்?

'அதெல்லாம் அரசாங்கம், தனியாரில் இப்படி நடக்காது' என்பார்கள். ஜெர்மனியின் லிடில் பல்பொருள் அங்காடி ஏழு ஆண்டுகள் உழைத்து, சுமார் 50 கோடி யூரோ செலவழித்த எஸ்ஏபி மென்பொருள் திட்டத்தை 2018-ல் கைகழுவியது. லிடில் சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிடும். மென்பொருளோ விற்கும் விலையில் மதிப்பிடும். சிக்கலின் முடிச்சு அங்கே இருந்தது என்று ஜெர்மன் பத்திரிகைகள் எழுதின. கல்லாவில் உட்கார்ந்த பெண்ணுக்கு இதில் பங்கில்லை.

நம் ஊரில் தவறாமல் சொல்லப்படுவது வங்கி ஊழியர் சங்கங்களின் கதை: கம்ப்யூட்டரை உள்ளே விடாமல் நாட்டையே பின்னுக்கு இழுத்தார்கள் என்று. போராட்டம் நடந்தது நிஜம். ஆனால் 1983-ல் வங்கி நிர்வாகங்களின் சங்கமும் ஊழியர் சங்கங்களும் இயந்திரமயம் பற்றி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் நிஜம். எந்த இயந்திரம், எந்த அளவுக்கு, அதில் உட்காருபவருக்கு என்ன சிறப்புப் படி, ஆட்குறைப்பு கிடையாது என்பதெல்லாம் பேச்சில் தீர்ந்தன. அதை ஒட்டி வந்தவைதான் வங்கிகளைக் கணினிமயமாக்குவது பற்றிய ரங்கராஜன் குழுவின் அறிக்கை, பேரேட்டில் பதியும் லெட்ஜர் போஸ்டிங் இயந்திரங்கள் எல்லாம். 1993-ல் இன்னொரு ஒப்பந்தம். வேகம் குறைந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் பேரேட்டில் கையால் எழுதி வளர்ந்த அதே தலைமுறைதான், பல்லாயிரம் கிளைகளை, எல்லாக் கணக்கையும் ஒரே மையத்தில் இணைக்கும் கோர் பேங்கிங்குக்கு மாற்றிக்கொடுத்தது.

எல்லா எதிர்ப்பும் யோக்கியமானது என்று சொல்ல வரவில்லை. கையில் பதிவேடு இருப்பதே வருமானம் என்று இருப்பவர் கணினியை விரும்பமாட்டார். கர்நாடகத்தின் 'பூமி' திட்டம் நிலப் பதிவுகளைக் கிராமக் கணக்கர்களிடமிருந்து தாலுகா அலுவலகக் கணினிக்குக் கொண்டுபோனபோது வருத்தப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை. ஆனால் இந்த ஒரு வகையைக் காட்டி, குறை சொல்லும் எல்லோரையும் அந்த வரிசையிலேயே நிறுத்துவதுதான் நடக்கிறது.

அப்படி நிறுத்தினால் எங்கே போய் முடியும் என்பதற்கு பிரிட்டன் தபால் நிலையங்கள் இருக்கின்றன. 1999-ல் தொடங்கி 'ஹொரைசன்' கணக்கு அமைப்பைக் கிளைகளில் நிறுவினார்கள். நாள் முடிவில் பணம் உதைக்கிறது, நாங்கள் எடுக்கவில்லை என்று கிளை நடத்துபவர்கள் உதவி எண்ணுக்கு ஃபோன் செய்தபடி இருந்தார்கள். சிஸ்டத்தில் கோளாறே இல்லை என்று தபால் நிறுவனம் சாதித்தது. 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. தபால் நிறுவனம் இத்தனை காலம் சாதித்தது, பூமி தட்டை என்று இந்த நூற்றாண்டிலும் அடம்பிடிப்பதற்குச் சமம் என்று எழுதினார் நீதிபதி ஃப்ரேசர்.