மிளகு சும்மா இருக்காது

"இயற்கைதானே, ஒன்றும் செய்யாது" என்று வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு வைத்தியர் கிளம்பிவிடுகிறார். இப்போதைய உபதேசம்: எந்த மாத்திரையோடும் ஒரு மிளகுச் சத்து கேப்சூல் போட்டுக்கொண்டால் மருந்து முழுதாக உடம்பில் சேருமாம்.

விஷயம் பொய்யில்லை. ஆபத்தே அதுதான். நம் திரிகடுகத்தில் உள்ள மிளகிலும் திப்பிலியிலும் பைப்பரின் இருக்கிறது. குடலிலும் ஈரலிலும் மருந்தைச் சிதைக்கும் நொதிகளை அது தடுக்கிறது. ஜம்மு ஆய்வுக்கூடத்தார் 1970களின் இறுதியிலேயே இதில் இறங்கினார்கள். அந்த வழியில் வந்த காசநோய் மருந்தில் 450 மி.கி. ரிஃபாம்பிசினுக்குப் பதில் 200 மி.கி.தான், கூடவே 10 மி.கி. பைப்பரின். கவனியுங்கள், பைப்பரினைச் சேர்த்தவர்கள் மருந்தைப் பாதிக்கும் கீழே குறைத்தார்கள். நம் ஆட்களோ மருந்தைக் குறைக்காமல் மிளகுச் சத்தை மட்டும் சேர்க்கிறார்கள்!

வலிப்புக்கான ஃபெனிட்டாயின், ரத்த அழுத்தத்துக்கான ப்ராப்ரனலால், இழுப்புக்கான தியோஃபிலின் ஆகியவை பைப்பரினோடு சேர்ந்தால் ரத்தத்தில் கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஃபெனிட்டாயின் மிஞ்சினால் தலை சுற்றும், நடை தள்ளாடும். எழுபது வயதில் ஒருமுறை விழுந்தால் இடுப்பெலும்பு என்னாகும்?

ரசத்து மிளகை நான் குறை சொல்லவில்லை, விடவும் மாட்டேன். டப்பாவில் அடைத்த சத்தைத்தான் சொல்கிறேன். மருந்தின் வேகத்தைக் கூட்டும் என்றால் அதன் பக்கவிளைவையும் கூட்டத்தானே செய்யும்? "வீரியமானது, தீங்கே இல்லாதது" என்று இரண்டையும் ஒரே வாயால் சொல்லி விற்காதீர்கள்.

நீங்களாக மாத்திரையைக் குறைக்கவும் வேண்டாம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மருந்துச் சீட்டோடு அந்த டப்பாவையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.