வண்டியில் ஏறுவது மாடு மட்டும்தானா?

காட்டுப்பள்ளி துறைமுகத்தில் இருந்து ஒரு கண்டெய்னர் வெளியே வரவேண்டும் என்றால் சீல், சீட்டு, கையெழுத்து என்று ஏகப்பட்ட சோதனை. அதே மீஞ்சூர் ரோட்டில் ராத்திரி நேரத்தில் 'குட்டி யானை' வண்டியில் ஒரு கறவை மாடு போனால்? எந்த ஊர் மாடு, எங்கே போகிறது என்று கேட்பது யார்?

மற்ற நாளில் இது பெரிய விஷயம் இல்லை. கால்நடை நோய் பரவும் நாளில் இதுதான் விஷயமே!

"வித்துடுவோம்!"

பக்கத்து ஊரில் கோமாரி என்று சேதி வந்ததும் மாட்டுக்காரருக்கு முதலில் தோன்றுவது, "நம்ம மாட்டுக்கு வர்றதுக்குள்ள வித்துடுவோம்" என்பதுதான். அவரைக் குறை சொல்ல முடியாது. பல வீடுகளில் அந்த ஒரு மாடுதான் மொத்த சொத்து.

ஆனால் ஆபத்தே அங்கேதான். கோமாரிக் கிருமி புகுந்த மாட்டுக்கு வாய்ப்புண்ணும் நுரையும் தெரிய 2 முதல் 14 நாள் வரை ஆகும். தெரிவதற்கு முன்பே அது கிருமியை வெளியே விட ஆரம்பித்துவிடும். ஈ, கொசு மூலம் பரவும் தோல் கழலை நோய் வெளியே தெரிய 4 வாரம்கூட ஆகலாம். படுத்துக் கிடக்கும் மாட்டை யாரும் வாங்குவதில்லை. சந்தைக்குப் போவது எல்லாமே 'நல்லா இருக்கிற' மாடுதான். நோயும் கூடவே போகிறது!

சீமையிலும் இதே கதை

2001-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிப்ரவரி 20-ந் தேதி கோமாரியைக் கண்டுபிடித்தார்கள். 23-ந் தேதி நாடு முழுவதும் கால்நடை நடமாட்டத்துக்குத் தடை. அதற்குள் சந்தை சந்தையாக ஆடுகள் கைமாறிவிட்டன. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொல்லவேண்டி வந்தது.

நம் நாட்டில் 2019-ல் ஒடிசாவில் தலைகாட்டிய தோல் கழலை நோய், 2022-ல் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைப் பலிவாங்கியது. அந்த செப்டம்பரில் மகாராஷ்டிர அரசு மாநிலத்தையே கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்து மாட்டுச் சந்தைகளை மூடியது. ராஜஸ்தானில் பேர்பெற்ற புஷ்கர் கால்நடைச் சந்தை அந்த வருஷம் நடக்கவில்லை.

சட்டம் இருக்கிறது

சட்டத்துக்குக் குறைவில்லை. 1978-ம் வருஷ விதிப்படி, தொற்று நோய் இல்லை என்று கால்நடை டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால்தான் மாட்டை வண்டியில் ஏற்றலாம். நோய்ப் பகுதியில் சந்தையை மூட, மாட்டை நிறுத்திவைக்க 2009-ம் வருஷச் சட்டம் அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது.

எளாவூரில் பெரிய சோதனைச் சாவடியும் இருக்கிறது. ஆனால் மாட்டுக்கு நெடுஞ்சாலைதான் வேண்டுமா? ஆந்திரா போக கவரைப்பேட்டை-சத்தியவேடு ரோடு உண்டு, ஊத்துக்கோட்டை வழி உண்டு. வண்டியே இல்லாமல் ஓட்டிக்கொண்டும் போகலாமே!

ஆக, சாவடி மட்டும் போதாது. தடை போடுகிற கை, சந்தை மூடியிருக்கும் வரை தீவனத்துக்கும் வழிசெய்ய வேண்டும். கடன் தவணையும் காலித் தொட்டியும் கழுத்தை நெரித்தால், மாட்டுக்காரர் ராத்திரி வண்டியைத்தான் தேடுவார்.

நாம் செய்யவேண்டியது

நோய் சேதி வந்தால் மாட்டை விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். நோய் கண்ட கொட்டகையில் 'நல்ல' மாட்டையும் நகர்த்தக் கூடாது. புதிதாக வந்த மாட்டை ஒரு மாதம் தனியாகக் கட்டுங்கள். தீவனத் தொட்டியும் வேறு, தண்ணீர் வாளியும் வேறாக இருக்கட்டும். மாடு ஏற்றிய வண்டியைச் சாணம் போகக் கழுவி, 100 லிட்டர் தண்ணீருக்கு 4 கிலோ சலவை சோடா கரைத்து ஊற்றினால் கோமாரிக் கிருமி சாகும். கறவைக்காரர் கையும் காலும் பால் கேனும்கூட கிருமியைச் சுமக்கும், ஜாக்கிரதை! கால்நடை ஆம்புலன்சுக்கு போன் 1962.

முடியாத காரியம் அல்ல. ஊர் ஊராக மாடுகளைச் சாய்த்த வெக்கை நோய் இந்தியாவில் கடைசியாகக் கண்டது 1995-ல், அதுவும் தமிழ்நாட்டில். 2011-ல் உலகத்தை விட்டே ஒழிந்தது. ஊசியும் எல்லைக் காவலும் சேர்ந்து சாதித்தது அது.

கண்டெய்னருக்கு சீல் உண்டு. மாட்டுக்கும் காதில் 12 எண் போட்ட வில்லை உண்டு. அடுத்த தடவை மாடு வாங்கப் போகிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன்னால் காதைப் பாருங்கள். எந்த ஊர் மாடு, ஊசி போட்டாச்சா என்று கேளுங்கள். பதில் வரவில்லையா? பணத்தை மடியிலேயே முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்!